மூன்று இடதுகால் பறவை

சிட்னியில் குப்பைத் தொட்டிக்குள் தலையை விட்டுச் சிப்ஸ் தின்கிற வெள்ளைப் பறவையைப் பார்த்திருப்பீர்கள். வளைந்த கறுப்பு மூக்கு, ஊத்தைச் செட்டை, வெட்கம் என்பது மருந்துக்கும் கிடையாது. அரிவாள்மூக்கன் என்று சொல்வோம். பரமட்டா ஸ்ரேசன் வாசலில் என் கையிலிருந்த ரோல்ஸை ஒன்று பறித்துக்கொண்டு போயிருக்கிறது. அந்தப் பறவை ஒரு தெய்வம் என்று எனக்கு முதலில் சொன்னவன் பொனிபஸ்.

பொனிபஸ் மன்னார்க்காரன். ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். நார்த்மீட்டில் நானும் அவனும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் பெயர் சிறிதரன். எக்ஸ்ரே எடுப்பது தொழில், எரிச்சல்படுவது குணம். இதை முதலே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைக் குறை சொல்லக்கூடாது.

1999ஆம் ஆண்டு. பொனிபஸின் மனைவி டொறத்தியும் மகள் ஞானமலரும் மடு மாதா கோயில் பக்கத்தில் ஒரு அகதி முகாமில் இருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்து ஆறு வருடம். கூப்பிடுவதற்கு விண்ணப்பம் போட்டு, எல்லாம் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்த நேரம், குடிவரவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் மூலப்பிரதியை இருபத்தெட்டு நாளுக்குள் காட்டவேண்டும். பிள்ளைக்குப் பதினெட்டு நிறைய இன்னும் இரண்டு மாதம். நிறைந்துவிட்டால் அவள் தாயோடு சேர்ந்து வரமுடியாது, தனியாகத்தான் விண்ணப்பிக்கவேண்டும். தாய் இங்கே, தகப்பன் இங்கே, பிள்ளை மட்டும் முகாமில்.

அந்தப் பத்திரம் பொனிபஸின் கையில் இருந்தது. உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது. பதிவுக் கந்தோர் எரிந்து, பதிவுப் புத்தகம் எல்லாம் சாம்பலாகிப் பல வருடம். டொறத்தி அதை ஒரு பாதிரியாரிடம் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து யாரோ ஒரு கன்னியாஸ்திரி பதிவுத் தபாலில் போட்டு வந்து சேர்ந்தது. அதன் மூலையில் டொறத்தி ஒரு மடு மாதா பதக்கத்தைச் சட்டைப்பின் ஒன்றால் குத்தி அனுப்பியிருந்தாள். வழியில் மாதா பார்த்துக்கொள்வா என்று.

மாதா நன்றாகவே பார்த்துக்கொண்டா. பத்திரம் சிட்னி மட்டும் ஒரு மடிப்புக் கசங்காமல் வந்தது. அதை நேரே பரமட்டாக் குடிவரவுக் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருவதற்கு ஒரு மத்தியானம் போதும். இந்த மடையன் அதை எகிப்தியரின் அரிவாள்மூக்கன் தலைத் தெய்வமான தோத் பெருமானிடம் கொண்டுபோனான்.

"அவர் பேப்பருக்கெண்டே இருக்கிற சாமியாம் சிறி. ஒருக்கா ஆசீர்வாதம் வாங்கிப்போட்டுக் குடுப்பமே" என்றான்.

"நீ வேதக்காரன் எல்லே?"

"அது ஓம். ஆனா அந்தோனியார் துலைஞ்ச சாமானைத் தேடிக் குடுக்கிறவர். இது துலையேல்லைத்தானே."

விசாவுக்குக் காத்திருக்கிற மனிதனோடு வாதம் செய்யக்கூடாது. அவன் எந்தக் கதவையும் தட்டுவான், அது சுவராக இருந்தாலும்.

அருள்மிகு தோத் பெருமான் ஆலயம் ஹரிஸ் பார்க்கில் ஒரு பழைய கார்ப்பெட் கிடங்கில் இருந்தது. அதன் தலைமைப் பூசாரி தனபாலன், எண்பத்துநாலில் மலேசியாவிலிருந்து கணக்கியல் படிக்க வந்தவர். படிப்பை விட்டுவிட்டு விசா முகவரானார். பிறகு அவருடைய பதிவு ரத்தானது. ஏன் என்று கேட்டவர்களுக்கு "ஆன்மீகக் காரணங்கள்" என்று சொல்வார். மூன்று கிழமை எகிப்துக்குப் போய் வந்தார். மொட்டை அடித்தார், புருவத்தையும் வழித்தார், வெள்ளைத் துணி உடுத்தார், தோளில் சிறுத்தைத் தோல் போட்டுக்கொண்டார். சுத்தமான பொலியெஸ்டர் சிறுத்தை.

பொனிபஸை ஏற்றிக்கொண்டு நானும் போனேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் உறை, உறைக்குள் பத்திரம். செயலாளர் மனோரமா ஒவ்வொருவருக்கும் ஒரு படிவம் கொடுத்தார். நாற்பத்திரண்டு கேள்விகள். நான் களவெடுக்கவில்லை. நான் தராசில் கள்ளம் செய்யவில்லை. நான் நைல் நதியை மறிக்கவில்லை. எல்லாவற்றுக்கும் நேரே சரி போடவேண்டும்.

"நைல் நதியை நான் ஏன் மறிக்கிறன்?" என்று பொனிபஸ் கேட்டான்.

"மறிக்கலேன்னா டிக் போடுங்க சார். பெண்டிங்ல விடாதீங்க" என்றார் மனோரமா.

தனபாலன் எங்களைக் கண்டதும் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"அண்ணே, உலகத்துல எத்தனையோ சாமி இருக்கு. மழைக்கு ஒண்ணு, புள்ளைக்கு ஒண்ணு. பேப்பருக்குன்னு இருக்கிறது இவரு ஒருத்தருதான். மேலோகத்துக் கிளார்க்கு. செத்தவன் நெஞ்சைத் தராசுல வெக்கிறப்போ பக்கத்துல நின்னு எழுதிக்கிறவரு. இவரு எழுதலேன்னா ஒருத்தன் செத்ததுகூடச் செல்லாது."

முறை இதுதான். பக்தருடைய பத்திரத்தை ஒரு அரிவாள்மூக்கனின் பதப்படுத்திய உடலுக்குள் வைத்து, துணியால் இறுக்கிச் சுற்றி, பெருமானுக்குப் படைக்கவேண்டும். விசாவைப்போலவே பறவையிலும் வகுப்புகள் இருந்தன. வாழ்க்கைத்துணைப் பறவை, பெற்றோர்ப் பறவை, கடைசி உறவினர்ப் பறவை. பெற்றோர்ப் பறவைக்குக் காத்திருப்பு அதிகம் என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. பொனிபஸ் எடுத்தது வாழ்க்கைத்துணைப் பறவை, சார்ந்திருக்கும் பிள்ளையோடு.

"ஒரு போட்டோக்கொப்பி எடுத்துப்போட்டுத் தரட்டே?" என்று பொனிபஸ் கேட்டான்.

தனபாலனின் முகம் சுருங்கிப்போனது. "நகல் எடுத்த பேப்பர்ல தெய்வம் தங்காது அண்ணே. ஒரிஜினல் ஒண்ணே ஒண்ணா இருக்கணும். அப்பத்தான் அதுக்கு வீரியம்."

கொடுத்தான். என் கண்ணுக்கு முன்னால் கொடுத்தான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு கிழமையில் திரும்பி வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அதற்காக என்னை நானே இன்றைக்கும் ஏசுவதுண்டு.

கடிதத்தின் பன்னிரண்டாம் நாள் பத்திரத்தை எடுக்கப் போனோம்.

"எழுபது நாள் ஆவணும்" என்றார் மனோரமா.

"என்ன எழுபது?"

"பதப்படுத்துறதுக்கு எழுபது நாள் சார். மன்னர்களுக்கே அதுதான் கணக்கு. உங்களுக்கு மட்டும் எப்படிக் குறைக்கிறது? அதுக்கப்புறம் வாய் திறக்கிற சடங்கு. அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும்."

பொனிபஸ் குடிவரவுக் கடிதத்தை எடுத்துக் காட்டினான். தனபாலன் அதை வாங்கி நிதானமாக வாசித்தார், பழைய தொழில் விட்டுப்போகுமா.

"இருபத்தெட்டு நாள்னு போட்டிருக்காங்க. அவங்க அவசரப்படறாங்க அண்ணே. ஐயாயிரம் வருசத்துச் சாமி, இருபத்தெட்டு நாளைக்கெல்லாம் பயப்படுவாரா?"

"சாமி பயப்படத் தேவையில்லை. எனக்குப் பயமா இருக்கு" என்றான் பொனிபஸ்.

"அந்தப் பயத்தையும் எழுதிக் குடுங்க. உள்ள வெச்சிடலாம்."

பறவையை அவிழ்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஒரு சலுகை இருந்தது. வீட்டு வருகை. பக்தர் தன் பறவையை ஒரு நாள் வீட்டுக்கு அழைத்துப்போய் உபசரிக்கலாம். விதிகளை அச்சடித்துக் கொடுத்தார்கள். பறவை முன் ஆசனத்தில்தான் வரவேண்டும். சீற் பெல்ட் போடவேண்டும். வீட்டில் கிழக்கே பார்த்து வைத்து, தொலைக்காட்சியை நிறுத்தவேண்டும். பறவையை அவிழ்த்தால் பக்தரின் குடும்பத்தில் ஏழு தலைமுறைக்கு எந்த நாட்டு விசாவும் கிடையாது. நான் பின் ஆசனத்தில் இருந்து வந்தேன். என் காரில்.

வீட்டில் பொனிபஸ் அதைக் கதிரையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். "உள்ளுக்கு என்ரை பிள்ளை இருக்கிற மாதிரி இருக்கு" என்றான். அவிழ்ப்போம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அவன் குறுக்கே விழுந்து மறித்தான். ஏழு தலைமுறை என்றால் ஞானமலரும் அதற்குள் வருவாள் என்றான்.

"சரி. அவிழ்க்கேல்லை. எக்ஸ்ரே எடுப்பம். எக்ஸ்ரேக்கு உங்கடை புத்தகத்தில தடை இருக்கே?"

விதிகளை இரண்டு தரம் வாசித்தான். தடை இல்லை.

அடுத்த நாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில், என் வேலையிடத்து மேசையில் பறவையைப் படுக்கவைத்தேன். பதக்கம் உலோகம். உள்ளே இருந்தால் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். படம் வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன்.

பதக்கம் இல்லை. சட்டைப்பின் இல்லை. வளைந்த மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு உடுப்புக் கொழுவி, வளைத்த கம்பி. உடம்புக்குள் எலும்புகள் இருந்தன. மூன்று கால். மூன்றும் இடதுகால். ஒவ்வொன்றின் நுனியிலும் கத்தி வெட்டு. சந்திக் கடையில் கரியில் சுட்ட கோழி வாங்கினால் இப்படித்தான் வெட்டித் தருவார்கள்.

"சில நேரம் அந்தக் காலத்தில பறவைக்கு மூண்டு கால் இருந்திருக்குமோ?" என்று பொனிபஸ் கேட்டான்.

எனக்கு வந்த கோபத்தை அவன் மேல் காட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

முறைப்பாடு செய்யப் போனோம். முறைப்பாடு எழுத்தில் இருக்கவேண்டும் என்றார்கள். எழுதினோம். முறைப்பாடுகளையும் பறவைக்குள் வைத்துத்தான் சமர்ப்பிக்கவேண்டும் என்றார்கள். நான் எக்ஸ்ரே படத்தை மனோரமாவின் மேசையில் அறைந்தேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ரொம்ப தெளிவா வந்திருக்கு சார். நம்ம செய்திமடல்ல போட்டுக்கலாமா?" என்றார்.

பொலிஸுக்குப் போகிறேன் என்ற பிறகுதான் விசாரணைக்கு ஒப்புக்கொண்டார்கள். நீதிபதி தோத் பெருமானேதான். எகிப்திய முறைப்படி சிலையைப் பல்லக்கில் வைத்து நான்கு பேர் தோளில் தூக்குவார்கள். கேள்வி கேட்டால் பெருமான் முன்னால் சாய்ந்தால் ஓம், பின்னால் சாய்ந்தால் இல்லை. முன் கம்பு இரண்டையும் ஆலயக் குழு பிடிக்கும். பின் கம்பு இரண்டும் முறைப்பாட்டுக்காரருக்கு. பெருமானின் சிலை ஆளுயரத்துக்கும் கூட, தலை அரிவாள்மூக்கன் தலை, மூக்கு மட்டும் ஒரு முழம். எல்லாம் தாளை ஊறவைத்து ஒட்டிச் செய்தது. கறுப்புப் பூச்சு புதிதாக மினுங்கியது.

இருபத்துநாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. கிடங்கு நிறையச் சனம். தனபாலனும் இன்னொரு குழு உறுப்பினரும் முன்னால். நானும் பொனிபஸும் பின்னால். பல்லக்குச் சரியான பாரம்.

மனோரமா கேள்வியை வாசித்தார். "பெருமானே, பொனிபஸ் என்னும் பக்தரின் பறவைக்குள் இருப்பது கோழியா?"

தனபாலன் கம்பை உயர்த்தினார். பெருமான் பின்னால் சாய்ந்தார். சனம் கை தட்டியது.

"அது அரிவாள்மூக்கனா?"

தனபாலன் குனிந்தார். பெருமான் முன்னால் சாய்ந்தார். மறுபடியும் கை தட்டல்.

"தோளில பிடிச்சிருக்கிற எனக்குத் தெரியுது, ஆர் சாய்க்கிறதெண்டு!" என்று கத்தினேன்.

தனபாலன் சிறுத்தைத் தோலைச் சரிசெய்துகொண்டு, கம்பு தோளில் இருக்கத்தக்கதாகவே சபைக்குத் திரும்பிப் பேசினார். அந்தப் பேச்சு எனக்கு ஒரு எழுத்துத் தவறாமல் ஞாபகம் இருக்கிறது.

"அன்பர்களே, இவரு படம் எடுத்திருக்காரு. கோழின்னு சொல்றாரு. நான் மறைக்க மாட்டேன். பண்டைய எகிப்துலயும் யாத்ரீகருக்கு வித்த பறவையில முக்கால்வாசிப் பேருக்கு உள்ள பறவையே இருக்காது. குச்சி இருக்கும், களிமண் இருக்கும், ஒரு இறகு இருக்கும். அப்போ பெரிய விசாரணை நடந்துச்சு. ஒரு ஜாடிக்கு ஒரு தெய்வம் கண்டிப்பா இருக்கணும்னு சட்டம் போட்டாங்க. ஆறு பேரை உள்ள வெச்சாங்க. ஆனா கோயிலை மூடினாங்களா? மூடலை. வரிசை குறைஞ்சுதா? குறையலை. அங்க குச்சி வெச்சாங்க, நான் எலும்பே வெச்சிருக்கேன். அந்த மரபைவிட ஒரு படி மேலதான் நடத்தறேன். இதுல ஊழல் எங்க இருக்கு, சொல்லுங்க?"

சனம் ஆமாம் ஆமாம் என்றது. எனக்குப் பக்கத்தில் பொனிபஸ் கம்பைத் தாங்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். சத்தம் வரவில்லை. மூக்கைத் துடைக்கக் கை இல்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டான்.

"அப்ப என்ரை பிள்ளையின்ரை பேப்பர் எங்கை ஐயா?" என்றான். "கோழியெண்டாலும் பரவாயில்லை. பேப்பரைத் தாங்கோ."

"பேப்பர் பெருமான்கிட்டதான் இருக்கு" என்றார் தனபாலன்.

என் தோள் வழுக்கியது என்று பிறகு செய்திமடலில் எழுதினார்கள். வழுக்கவில்லை. விட்டேன்.

பெருமான் என் பக்கம் சரிந்து, உருண்டு, மூக்குக் குப்புற விழுந்தார். கொங்கிறீற் தரையில் மூக்கு முறிந்து மூன்று துண்டாகி, கழுத்தும் வெடித்துப்போனது. துண்டுக்குள் படை படையாக, புட்டுமாக்கூழ் மாதிரிப் பசையில் ஒட்டியபடி தாள்கள். பிறப்புப் பத்திரம், கலியாணப் பத்திரம், ஆங்கிலச் சோதனைப் பெறுபேறு, யாரோ ஒரு தாயின் இறப்புப் பத்திரம். எகிப்தில் பழைய தாளை ஒட்டித்தான் முகமூடி செய்வார்களாம். தனபாலன் அந்த மரபையும் விடவில்லை. பத்திரம்தான் சும்மா கிடைக்கிறதே.

பொனிபஸ் முழங்காலில் விழுந்து துண்டுகளைப் பிய்த்தான். மூக்கின் நுனித் துண்டில் ஏதோ மினுங்கியது. மடு மாதா. பதக்கத்தோடு சட்டைப்பின், சட்டைப்பின்னோடு தாள், தாளுக்கு மேலே வேறு யாருடையதோ திருமணம்.

பூசாரியை இப்போது அடிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். என் சட்டைக் கையைக்கூட மடித்துவிட்டேன். ஒரு அம்மா கீழே குனிந்து, தன் மகனின் பத்திரத்தை அடையாளம் கண்டு, நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ, என்ரை பேப்பர் பெருமானின்ரை மூக்கிலேயே இருந்திருக்கு!" என்றார். கண்ணீர் ஓடியது. ஆனந்தக் கண்ணீர்.

இன்னொருவர் தன் பத்திரம் பெருமானின் கழுத்தில்தான் இருந்தது என்று மனம் உடைந்து நின்றார். அடுத்த சிலையில் மூக்கில் இடம் கிடைக்குமா என்று கேட்டார். மனோரமா பேனையைத் திறந்தார். நாங்கள் வாசலைத் தாண்டும்போது மூக்கு வகுப்புக்கு வரிசை தொடங்கிவிட்டது.

அந்தத் துண்டை இரவு பகலாக ஈரத் துணியில் வைத்துப் பிரித்தோம். பொனிபஸின் அந்தப் பெரிய விரல்கள், பாரம் தூக்குகிற விரல்கள், ஒரு தாளின் ஓரத்தை உரிக்க ஒன்றரை மணித்தியாலம் எடுத்தன. பெயர் பிழைத்தது. திகதி பிழைத்தது. தகப்பன் பெயரில் கடைசி எழுத்துப் போய்விட்டது. இருபத்தெட்டாம் நாள் காலை பரமட்டாவில் கவுண்டரில் நீட்டினோம். அங்கே இருந்த பெண் அதை முகர்ந்து பார்த்தாள். இது என்ன பசை என்று கேட்டாள். பொனிபஸ் "கோதுமை மா" என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் பூதக்கண்ணாடி கொண்டுவந்து, முத்திரையைப் பார்த்து, எழுதிக்கொண்டாள்.

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் பத்திரம் இழந்தவர்களில் ஒருவரையாவது சாட்சிக்குக் கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. விசா வராமல் போய்விடுமாம்.

இரண்டாயிரமாம் ஆண்டு தொடக்கத்தில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். விமான நிலையத்தில் பொனிபஸ் மகளை அடையாளம் பிடிக்கவில்லை. அவள்தான் "அப்பா" என்றாள். அதற்குமேல் அந்த இடத்தை நான் எழுதப்போவதில்லை.

கார் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் டொறத்தி சொன்னாள், "முதல்ல அந்தக் கோயிலுக்குப் போவம் என்னப்பா. நேத்தி வைச்சிருக்கிறன்."

"எந்தக் கோயில்?"

"பறவைக் கோயில்தான். அவையின்ரை புத்தகம் எங்கடை முகாமுக்கு வந்தது. உங்கடை பேர், என்ரை பேர், பிள்ளையின்ரை பேர் எல்லாம் போட்டிருந்தது. பெருமானின்ரை மூக்கில பேப்பர் இருந்து உடன விசா கிடைச்சதாம். எக்ஸ்ரே படமும் போட்டிருந்தவை. வடிவான படம்."

நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தேன். அந்தப் படம் நான் எடுத்தது.

பொனிபஸ் சட்டைப்பைக்குள் கையை விட்டுப் பதக்கத்தை எடுத்துப் பின்னுக்குத் திரும்பி நீட்டினான். விளிம்பில் இன்னும் காய்ந்த மா ஒட்டியிருந்தது. நடந்ததைச் சொன்னான். கோழி, மூன்று இடதுகால், முறிந்த மூக்கு, ஈரத் துணி, ஒன்றும் விடாமல். டொறத்தி பதக்கத்தை வாங்கி முத்தமிட்டாள்.

"பாத்தியளே, மாதாவும் அவருமாச் சேந்துதான் செய்திருக்கினம்" என்றாள்.

பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தாள். உள்ளே ஐந்து பத்திரம். முகாமில் பக்கத்துக் கொட்டில்காரர் தந்துவிட்டவை. பறவைக்குள் வைக்கச் சொல்லி.

"எல்லாம் ஒறிஜினல். கொப்பி ஒருத்தரும் எடுக்கேல்லை. எடுத்தா வீரியம் போயிடுமெண்டு புத்தகத்தில கிடந்தது" என்றாள்.

பொனிபஸ் அந்த உறையை அவள் கையிலிருந்து வாங்கினான். சட்டைக்குள் வைத்துப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டினான். ஆறு வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். கார்க் கண்ணாடி அதிர்ந்தது.

"சிறி! ஹரிஸ் பார்க்கில போட்டோக்கொப்பிக் கடை இப்ப திறந்திருக்குமே?"

"திறந்திராட்டி உடைப்பம்" என்றேன்.